படர்க்கை

கிளப் செயலாளர் சொன்னது இவ்வளவுதான்:
"நீங்க வந்து சுட்டுக்கலாம் மேடம்.
கத்துக்குடுக்கணும்னா சொந்தமா பாலிசி வேணும்.
எங்களோடது மெம்பருக்கு மட்டும்."

அதிலிருந்து ஒன்பது வேலைநாள்.

அஞ்சு ரோட்டில் லிப்ட் ஓடாத மூன்றாம் மாடி.
என் கோப்பைத் திறந்தவர்
லைசென்ஸ் நகலைக் கண்டதும்
நாற்காலியை அரையடி பின்னுக்குத் தள்ளினார்.
காகிதம் சார், வெடிக்காது என்றேன்.
சிரிக்கவில்லை.

செர்ரி ரோட்டில் ஒரு பெண்
கம்ப்யூட்டரில் என் தொழிலைத் தேடினாள்.
நீச்சல் இருந்தது, சிலம்பம் இருந்தது,
குதிரையேற்றம்கூட இருந்தது.
துப்பாக்கி என்று தட்டினால்
பட்டாசுக் கிடங்கில் போய் நின்றது திரை.
அந்தப் பிரீமியத்தைக் கட்டினால்
தோட்டாவைக் கடனுக்குத்தான் வாங்கவேண்டும்.
"செக்யூரிட்டி கார்டுன்னு போட்டுடலாமா?"
வேண்டாம்மா.
பணம் கேட்கும் நாளில்
அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் படிப்பார்கள்.

அஸ்தம்பட்டி அர்த்தநாரி
ஆட்டோவுக்கும் ஆட்டுக்கும் பாலிசி போடுகிறவர்.
ஏற்காட்டில் மரத்துக்கு மரம் கம்பி கட்டி
ஆளைத் தொங்கவிட்டு இழுப்பவனுக்கே
வாங்கிக் கொடுத்திருக்கிறாராம்.
உட்காரும் முன்பே கேட்டார்:
"சுவத்துக்கு அந்தப்பக்கம் என்னங்க இருக்கு?"

ஒன்பது நாளில்
முதல் சரியான கேள்வி.

டீக்கடை பில்லின் பின்பக்கம் வரைந்தேன்.
சுடும் மேடை. ஐம்பது மீட்டர்.
பதினெட்டடி மண்மேடு, அதற்குப் பின் கருங்கல் சுவர்.
பிறகு முள்வேலி, ஒரு கொய்யாத் தோப்பு,
அதில் மாடு மேய்க்க வரும் ஒருவர்.
அதற்கப்பால் சேர்வராயன் மலை;
அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஒருவர் மீது பேனாவை வைத்தார்.
"நீங்க மொதல் நபர். கம்பெனி ரெண்டாவது.
இவருதான் மூணாவது."
கற்றுக்கொள்ள வருகிறவர்கள்?
"அவங்களும் மூணுதாங்க."

பள்ளியில் வேறு மாதிரி படித்திருந்தேன்:
பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை,
அங்கே இல்லாதவர் படர்க்கை.
அங்கே இல்லாதவருக்காகத்தான்
இத்தனை தாளும், இத்தனை மாடிப்படியும்.

பதினான்காம் கேள்வி:
உங்கள் செயலால் காயமோ சேதமோ ஏற்பட்டதாக
முன்பு எவரேனும் இழப்பீடு கோரியதுண்டா?

பதினேழு வருடச் சீருடை.
ஊர் பெயர் சொல்லக்கூடாத ஓர் ஓடைக்கரை, மழை,
இருட்டில் அசைந்தது எதுவோ
அதைப் பார்த்து ஆறு சுற்று.
விடிந்ததும் டார்ச்சும் சாக்குமாய் வந்து
வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கினார்கள்.
ஆறும் கிடைத்தன, கணக்கு நேர்.
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
குப்பிகள் என் காலடியில்தான் விழும்.
போனவை எங்கே போயின என்று
ஒரு பத்தியும் இல்லை அந்தத் தாளில்.

கோரியதுண்டா என்றுதானே கேட்கிறது.
இல்லை என்று எழுதினேன்.
"கொஞ்சம் அழுத்தி எழுதுங்க," என்றார் அர்த்தநாரி,
"கார்பன்ல விழணும்."

பன்னிரண்டாம் நாள் பாலிசி வந்தது.
திரு. பாவாயி என்று போட்டிருந்தார்கள்.
தொழில்: விளையாட்டுப் பயிற்சி, இதர.
திருவைத் திருத்த ஒரு மனு கொடுத்தேன்,
இதரவை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முதல் மாணவி ஜெரினா,
செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியிலிருந்து
புதுக் கண்ணாடி, புது ஷூ.
"எப்ப சுடலாம் மேம்?"
துப்பாக்கியைப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு
மண்மேட்டைச் சுற்றி, சுவரைச் சுற்றி,
முள்வேலியைத் தூக்கிப் பிடித்து
அவளைக் குனியச் சொன்னேன்.
ஷூவெல்லாம் சாணி.

கொய்யா மரத்தடியில் துண்டு விரித்து
அவர் படுத்திருந்தார். மூன்று மாடு, ஒரு கன்று.

உங்க பேரென்னங்க, என்றேன்.

எழுந்து உட்கார்ந்து
என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எதுக்குங்க?"